வாய் திறக்காத வேலை

மைக் அணைந்திருக்கிறதா என்று குழல்வாய்மொழி இன்னொரு தரம் பார்த்துக்கொண்டாள். அணைந்துதான் இருந்தது, சிவப்புக் கோடு அதன் குறுக்கே கிடந்தது, ஆனாலும் நம்பிக்கை வரவில்லை. போன தடவையும் அணைந்துதான் இருந்தது, இவள் கைதான் தன்பாட்டுக்குப் போய் அதைத் திறந்துவிட்டது. அந்தக் கையை இப்போது தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். தென்காசியில் சாரல் தொடங்கியிருந்தது, ஜன்னல் கதவு கொக்கியில் ஆடி டக்டக்கென்று தட்டிக்கொண்டே இருந்தது, எழுந்து போய்ச் சாத்தலாம் என்றால் கேமரா திறந்திருக்கிறது, இவள் எழுந்தால் ஆப்பிரிக்காவில், மலாவியில் உட்கார்ந்திருப்பவர்கள் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். முகத்தையும் ஒன்றும் செய்யக்கூடாது. நேபாளத்தில் இதே மாதிரி ஒரு நாளில் ஒருவர் புருவத்தை லேசாக உயர்த்தப்போய், அங்கிருந்த பெண் அதைப் பார்த்துத் தன் தப்பைத் திருத்திக்கொள்ள, அந்தப் பரீட்சையே செல்லாது என்று ஆகிவிட்டது. அதனால் பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார்ந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்த மாத்திரத்தில் மூக்கு அரித்தது. அரிக்கட்டும். பேரிலேயே வாயும் மொழியும் இருக்கிற ஒருத்தியை வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல்லியா சம்பளம் கொடுக்கிறார்கள் உங்கள் தோணிக்காரர்கள் என்று காலையில் சுடலைமுத்து கேட்டார், கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொண்டு டியூட்டிக்குப் போனார். பெண்டாட்டியைக் கேலி பண்ணாமல் அவருக்கு இட்லி இறங்காது. மின்வாரியத்தில் லைன்மேன். கம்பத்தில் ஏறுகிற மனிதருக்கு நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற எந்த வேலையும் வேலையாகத் தெரிவதில்லை.

தோணிக்காரர்கள் என்று அவர் சொல்வதில் தப்பும் இல்லை. அமைப்பின் பேரே ஃபெரி, அக்கரை சேர்க்கிற தோணி என்று அர்த்தம். ஏழை நாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டிய கம்ப்யூட்டர் ஏற்பாடுகளைக் கட்டிக்கொடுப்பது, அங்கிருப்பவர்களையே அதை நடத்தப் பழக்குவது, பிறகு கிளம்பிவிடுவது. கிளம்புவதுதான் அதில் பெரிய வேலை. வந்த எல்லோருக்கும் வரத் தெரிகிறது, போகத்தான் தெரிவதில்லை என்பாள் யோலந்தா, அமைப்பின் தலைவி, பெரு நாட்டுக்காரி. வருஷக் கூட்டத்தில் மற்ற அமைப்புக்காரர்கள் எத்தனை நாட்டுக்குள் போனோம் என்று மார்தட்டுவார்கள், இவர்கள் எத்தனை நாட்டிலிருந்து வெளியே வந்தோம் என்று மார்தட்டுவார்கள். தலைமை ஆபீஸ் என்று ஒன்று கிடையாது. பேசியது எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட வேண்டும், தூங்கி எழுந்து வருகிறவன் யாரையும் கேட்காமல் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். கூட்டத்துக்கு நேரம் குறிப்பதிலும் ஒரு நியாயம் வைத்திருந்தார்கள், உலகம் உருண்டையாக இருப்பதால் யாருக்காவது தூக்கம் கெட்டுத்தான் ஆக வேண்டும், அந்தக் கஷ்டம் முறைவைத்துச் சுற்றி வரும், தலைவிக்கும் சேர்த்து. இப்போது இங்கே மத்தியானச் சாப்பாட்டு நேரம், மலாவியில் காலை, லிமாவில் நடுச்சாமம், யோலந்தா போர்வையைப் போர்த்திக்கொண்டு ஒரு மூலைச் சதுரத்தில் கொட்டாவியை அடக்கிக்கொண்டிருந்தாள். இவளுக்கு அவள்மேல் பிரியம் பொங்கியது. அப்பா இறந்த வாரம், இவள் லீவு கேட்டு எழுதுவதற்கு முன்பே, ராத்திரி யாராவது கூப்பிட்டால் எழுந்து பார்க்கிற இவளுடைய முறையை யோலந்தா தன் பேருக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். ஆறுதல் வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. காரியம் முடிந்து வந்து பார்த்தால் பட்டியலில் இவள் பேர் இருந்த இடத்தில் அவள் பேர் இருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் இவள் அழுதாள், அதுவரை அழுகை வரவில்லை. இப்படிப்பட்ட இடத்தை விட்டு எங்கே போவது, போகச் சொல்லமாட்டார்கள்தான், ஒரு நாட்டை ஒப்படைத்தவர்களுக்குச் சில மாதம் ஓய்வு, அப்புறம் வேறு நாடு என்பது வழக்கம், ஆனால் நாற்பத்தேழு வயதில் வேறு நாடு கிடைக்குமா, கிடைத்தாலும் அது மலாவி ஆகுமா. இவள் மலாவியில் கால் வைத்தது இரண்டே தடவை. ஆனால் அந்த நாட்டில் எந்த ஆஸ்பத்திரியில் எந்த மருந்து தீரப்போகிறது என்று ஏழு வருஷமாக இந்த மேஜையில் இருந்துகொண்டு பார்த்து வந்திருக்கிறாள்.

அந்த ஏழு வருஷத்தை ஒப்படைக்கிற நாள் இன்று. விதி எளிது. மருந்து விவரம் எல்லாம் இருக்கிற பெரிய சர்வர் செத்துப்போனதாக வைத்துக்கொள்ள வேண்டும். சேமித்து வைத்த நகலிலிருந்து எல்லாவற்றையும் மாற்று சர்வரில் ஏற்றி, கடைக்கோடி ஆஸ்பத்திரி நர்ஸ் போனில் திறந்தால் வேலை செய்கிற வரைக்கும், அந்த நாட்டு ஆட்களே செய்து காட்ட வேண்டும். ஒப்படைக்கிறவள் கூடவே இருக்க வேண்டும், ஒரு வார்த்தை பேசக்கூடாது. பேசினால் பரீட்சை செல்லாது, அடுத்தது அரை வருஷம் கழித்து. கேமரா எதற்கு என்று இவள் ஒரு தரம் கேட்டாள், நீ பயப்படவில்லை என்று அவர்களுக்குத் தெரிய வேண்டாமா என்றாள் யோலந்தா. பயப்படவில்லையாம். போன தடவை அங்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த லிம்பானி ஒரு படியை விட்டுவிட்டு அடுத்த படிக்குப் போனபோது, அதில்லை லிம்பானி என்று இவள் வாயிலிருந்து விழுந்துவிட்டது. அவன் பத்து நிமிஷத்தில் தானே கண்டுபிடித்திருப்பான். அவனுடைய முகம் சுருங்கியதை இவள் பார்த்தாள். யாரும் திட்டவில்லை, அரை வருஷம் போனது, அவ்வளவுதான், இரண்டாவது தடவையும் தவறினால் அந்த நாட்டு மேலதிகாரிகள் இவர்களால் ஆகாது என்று முடிவுகட்டி வெளியே யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிடுவார்கள் என்று சிகொண்டி சொன்னாள். சிகொண்டி அங்கே இந்த வேலைக்குப் பொறுப்பு, இவளை அக்கா என்பாள், தமிழில் அவளுக்குத் தெரிந்த சொற்கள் கொஞ்சம்தான், அதில் அதைத்தான் தப்பில்லாமல் சொல்வாள். இந்தக் காற்றில் சுடலைமுத்து கம்பத்தில் ஏறியிருப்பாரோ. ஏறியிருப்பார், காற்றடித்தால்தானே கம்பி அறுகிறது. ஏறுகிற இடத்தில் மெயினை அணைத்துவிட்டு ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் ஏறுவேன் என்று கல்யாணமான புதிதில் இவளைச் சமாதானப்படுத்தச் சொன்னார். கட்டை பையில் இருக்கிறவரை எவனாலும் கரண்டு விட முடியாது. கெட்டவன் எவனும் ஃபியூஸ் போடமாட்டான், நல்லவன்தான் போடுவான், பாவம் தெருவே இருட்டா கிடக்கே, ஒரு உதவி பண்ணுவோமேன்னு, என்று அவர் சிரித்தது இவளுக்குச் சிரிப்பாக இல்லை. போன தடவை தவறிய அன்றைக்கு, சிகொண்டியைச் சிரிக்க வைக்க இதைத்தான் இவள் சொன்னாள், சிகொண்டி கொஞ்சம் தாமதமாகச் சிரித்தாள்.

கோடு நகரவில்லை. எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்டுகிற பச்சைக் கோடு பாதிக்கு மேல் வந்து நின்றிருந்தது. ஏதாவது பெரிய கோப்பாக இருக்கும், சில சமயம் அப்படித்தான் முனகும். ஜன்னல் தட்டியது. சாம்பாரை மூடி வைத்தோமா. மூடியாகிவிட்டது. கோடு நகரவில்லை. லிம்பானி திரைக்கு அருகே குனிந்தான், அவன் நெற்றி மட்டும் பெரிதாகத் தெரிந்தது. அப்போதுதான் இவளுக்கு உறைத்தது. இடம் இல்லை. மாற்று சர்வரில் இடம் இல்லை. இடத்தை அடைத்துக்கொண்டு கிடப்பது இவள்தான், இவளுடைய பழைய நகல்கள், எதற்கும் இருக்கட்டும் என்று ஒவ்வொரு மாதமும் ஒரு மூலையில் போட்டுவைத்த மூட்டைகள். இந்த வீட்டு அலமாரியைத் திறந்தால் ஊறுகாய் பாட்டில் தலையில் விழும், ஜவுளிக்கடைப் பை விழும், எதையும் எறிய மனம் வராத ஜென்மம், அதே புத்தியை ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் கொண்டுபோய் வைத்திருக்கிறாள். எழுதி வைத்தாளா. இல்லை. எல்லாவற்றையும் எழுதி வைக்கிற அமைப்பில் இதை மட்டும் எழுதவில்லை, ஏனென்றால் இதை ஒரு காரியமாகவே இவள் நினைக்கவில்லை, கூட்டிப் பெருக்கியதை யாராவது எழுதி வைப்பார்களா. சிகொண்டி தன் பாஷையில் ஏதோ சொன்னாள், லிம்பானி தலையை ஆட்டினான், மூன்றாவதாக இருந்த பெண் பேனாவைக் கடித்தாள். பின்னால் ஒரு மேலதிகாரி கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார், கை கட்டு இறுகியது மாதிரி இருந்தது. இருக்காது. நெஞ்சு படபடவென்று அடித்தது, இந்தச் சத்தம் அங்கே கேட்காது, மைக் அணைந்திருக்கிறது, பார்த்தாள், அணைந்திருக்கிறது.

ஒரே ஒரு சொல். பழைய நகல் என்று சொன்னால் போதும். சொல்லமாட்டேன். சொன்னால் அரை வருஷம், அரை வருஷம் என்ன, இனி அடுத்த தடவையே இல்லை, சிகொண்டியின் அணி ஆகாதவர்கள் என்று பேர் வாங்கிக்கொண்டு கலையும். சொல்லாவிட்டாலும் அதேதான், கோடு நகராது, தேறமாட்டார்கள், அதுவும் இவள் குப்பையால். இது அநியாயம் இல்லையா. அவர்கள் தப்பு செய்து தவறினால் அது பாடம், என் அழுக்கில் வழுக்கி விழுந்தால் அது என்ன பாடம். அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. வந்தது என்று சொல்வதுகூடச் சரியில்லை, ரொம்ப நேரமாகக் கதவோரம் நின்றிருந்து இப்போது உள்ளே வந்து உட்கார்ந்தது. பேசத்தானே கூடாது. கேமராவில் முகம்தானே தெரிகிறது, கை தெரியாதே. ஏழு வருஷமாகத் திறக்கிற கதவு, சாவி இவள் விரல்நுனியில் இருக்கிறது, போய் அந்த மூட்டைகளை மொத்தமாக அழித்துவிட்டு வந்தால் கோடு நகரும், எல்லோரும் மூச்சு விடுவார்கள், லிம்பானி தன்னால் நகர்ந்தது என்று நினைத்துக்கொள்வான், யாருக்கு என்ன நஷ்டம். இது உதவிகூட இல்லை, என் எச்சில் இலையை நான் எடுக்கிறேன். யோலந்தா பார்ப்பாளா. யோலந்தாவை ஏமாற்றுவதா. ஏமாற்று இல்லை. அப்பா இறந்த வாரம் அவள் செய்தது மட்டும் என்ன, சொல்லாமல்தானே செய்தாள். அது வேறு. எப்படி வேறு என்று யோசிக்க இவளுக்கு நேரம் இல்லை, கை தொடைக்கடியிலிருந்து எப்போது வெளியே வந்தது என்றும் தெரியவில்லை. முகத்தை பாஸ்போர்ட் படம் மாதிரி நேராக வைத்துக்கொண்டு, விரல்கள் மட்டும் கீழே நடந்தன. மூட்டைகள் கிடக்கிற இடத்தின் பேர், மொத்தமாக அழி என்கிற உத்தரவு, பாஸ்வேர்டு. அடித்தாள். திரையில் ஒரு வரி வந்தது. அனுமதி இல்லை.

தப்பாக அடித்துவிட்டோம் என்று நினைத்தாள். நிதானமாக மறுபடி அடித்தாள். அனுமதி இல்லை. ஏழு வருஷம். சொந்த வீட்டு வாசலில் நின்று தட்டி, யார் நீங்கள் என்று கேட்கப்பட்டவள் மாதிரி காது இரண்டும் சுட்டது. சாவியை எப்போது எடுத்தார்கள். இன்று காலை எடுத்திருப்பார்கள், தொடங்குவதற்கு முன்னால், போகிறவரின் சாவியை வாங்கு என்பது ஒப்படைப்பு முறையில் கடைசிப் படியாக இருந்தது, அதை முதல் படியாக யாரோ மாற்றியிருக்கிறார்கள். கோபம் வந்தது, நிஜமாகவே வந்தது, என்னிடமா, என்னிடமா இந்தச் சந்தேகம், அக்கா அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே. கோபம் வந்த வேகத்தில் பாதியில் நின்றது, ஏனென்றால் கோபப்படுகிறவளின் விரல் இன்னும் பொத்தான் மேல் இருந்தது. மெதுவாக எடுத்து மறுபடியும் தொடைக்கடியில் வைத்தாள். அவமானம் கழுத்து வரைக்கும் ஏறியது, கேமராவில் முகம் சிவந்தால் தெரியுமோ, கறுத்த முகத்துக்கு அந்த ஒரு லாபம் உண்டு. அங்கே சிகொண்டியின் போன் மேஜையில் மினுங்கியது. எடுத்துப் பார்த்தாள். ஒரு கணம் பார்த்துக்கொண்டே இருந்தாள், பிறகு அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு லிம்பானியிடம் திரும்பினாள்.

இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று ஆனதும் இவளுக்குக் காது நன்றாகக் கேட்டது. இவ்வளவு நேரம் அவர்கள் பேசியது இரைச்சலாக இருந்தது, இப்போது பேச்சாக இருந்தது. லிம்பானி பதறவில்லை. இடம் போதவில்லை என்பதை அவன் எப்போதோ கண்டுபிடித்திருந்தான், இடத்தை அடைத்திருப்பது எது என்றும் கண்டுபிடித்து, எல்லோருக்கும் புரிகிற பாஷையில், ஆங்கிலத்தில், ஒவ்வொரு பேராக வாசித்துக்கொண்டிருந்தான். அத்தனையும் பழசு, அழித்துவிடலாமா என்று கேட்டான். அழி, அழி என்று இவள் உள்ளுக்குள் சொன்னாள். சிகொண்டி மீதியையும் வாசிக்கச் சொன்னாள். அவன் வாசித்தான், ஏதோ மாதம், ஏதோ மாதம், வெள்ள வாரம், ஏதோ மாதம். வெள்ள வாரம். அந்த வருஷம் தெற்கே ஆறு பெருகி ஆபீஸுக்குள் தண்ணீர் வந்து, சர்வர் அணைந்து, நர்ஸுகள் காகிதத்தில் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்பினார்கள், எந்தப் பிள்ளைக்கு எந்த ஊசி, எந்த முகாமில் எத்தனை மாத்திரை, ஒரு வாரம் முழுக்க இவளும் சிகொண்டியும் தூங்காமல் அதையெல்லாம் மாற்று சர்வரில் ஏற்றினார்கள். பிறகு பெரிய சர்வருக்கு மாற்ற வேண்டும் என்று இருந்தார்கள், பிறகு அப்பா, பிறகு மறதி. அதற்கு வேறு நகல் கிடையாது. மொத்தமாக அழி என்று இவள் அடித்த உத்தரவில் அதுவும் இருந்தது. அனுமதி இல்லை என்ற அந்த ஒரு வரி மட்டும் இல்லையென்றால் அந்த வாரத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும், அவ்வளவு பேர் கண்விழித்தும், இவள் ஒருத்தி நல்லது செய்ய நினைத்ததில் காணாமல் போயிருப்பார்கள். கண்ணில் நீர் வந்துவிட்டது, வரக்கூடாது, விழித்துக்கொண்டு இமைக்காமல் இருந்தாள்.

“யாருது, எதுக்கு வச்சதுன்னு தெரியாத எதையும் இன்னைக்கு அழிக்க வேண்டாம்,” என்றாள் சிகொண்டி. “இன்னொரு டிஸ்க் மாட்டு. நேரம் ஆனா ஆகட்டும்.”

நேரம் ஆனது. டிஸ்க் வந்தது, மாட்டினார்கள், முதலிலிருந்து தொடங்கினார்கள். மேலதிகாரி கைக்கட்டை அவிழ்த்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். யோலந்தா இடையில் ஒரு தரம் தலை தொங்கி நிமிர்ந்தாள். இவளுக்குப் பசித்தது, சாரல் நின்று மறுபடி பிடித்தது, ஜன்னல் தட்டிக்கொண்டே இருந்தது, இப்போது அது தொந்தரவாக இல்லை. தான் எந்த வேலையை ஏழு வருஷம் செய்தோம் என்று இவளுக்கு இப்போதுதான் முழுசாகத் தெரிந்த மாதிரி இருந்தது. மருந்து விவரம் பார்த்தது அதில் சின்னப் பங்கு. தன்னைவிட நிதானமாக ஒருத்தி அந்த நாற்காலியில் வந்து உட்காரும்வரை அதைக் காலியாகவிடாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். இவளாக இருந்தால் அழித்திருப்பாள், அவள் டிஸ்க் மாட்டினாள். பொறாமை கொஞ்சம் வந்தது, பெருமை அதைவிட அதிகமாக வந்தது. பச்சைக் கோடு கடைசிவரை போய்ச் சேர்ந்தது. மலாவியின் வடக்கு மூலையில் ஏரிக்கரை ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து ஒரு நர்ஸ் போனில் திறந்து பார்த்து, எல்லாம் இருக்கிறது, காய்ச்சல் மாத்திரை மட்டும் சீக்கிரம் அனுப்புங்கள் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

வழக்கப்படி யோலந்தா ஒரு கேள்விதான் கேட்டாள், வெளியிலிருந்து யாராவது உதவினார்களா என்று. இவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இல்லை, யாரும் உள்ளே வரவில்லை என்றாள் சிகொண்டி. அது சத்தியமான வார்த்தை, ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அப்படியானால் மலாவி உங்களுடையது என்று யோலந்தா சொன்னாள், இனி வழக்கப்படி விடைபெறுகிறவர் தன் பாஷையில் ஏதாவது சொல்லலாம் என்று இவளைப் பார்த்தாள். இவள் மைக்கைத் திறந்தாள். சொல்வதற்கென்று நாலு நாளாக மனசுக்குள் உருட்டி வைத்திருந்தது எதுவும் வாய்க்கு வரவில்லை. “நல்லா இருங்க,” என்று மட்டும் சொன்னாள். அவர்கள் கை தட்டினார்கள், லிம்பானி எழுந்து நின்று தட்டினான், சதுரங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. எல்லாம் அணைந்த பிறகு சிகொண்டியிடமிருந்து இவளுக்கு மட்டும் ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது. இரண்டு தடவை சர்வர் கதவைத் தட்டின சத்தம் கேட்டுச்சு அக்கா. ஃபியூஸ் கட்டை என் பையிலதான் இருக்கு.

வெளியே சைக்கிள் ஸ்டாண்டு போடுகிற சத்தம் கேட்டது. சுடலைமுத்து ஈரத் தலையோடு உள்ளே வந்து, திரை இருண்டிருப்பதையும் இவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பதையும் பார்த்துக்கொண்டே துண்டை எடுத்தார்.

“என்னளா, முடிஞ்சிட்டா? என்ன பேசின?”

“ஒண்ணும் பேசலை. உங்க ஃபியூஸ் கட்டை மலாவி வரைக்கும் போயிருக்கு.”

“பத்திரமா இருக்கா?”

“பத்திரமா இருக்கு,” என்றாள் குழல்வாய்மொழி. “எங் கைக்கு எட்டாத எடத்துல.”